பசியை வைத்திருக்கிற பாஷை

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை, அதையும் போன் வந்த பிறகு விட்டுவிட்டேன். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொன்னாலும், சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. எந்த வருஷம் என்று கேட்டால் இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழித்து என்றுதான் சொல்ல முடியும். எந்த மாசம் என்று தெரியாது. ஷார்ஜாவில் வெயில் இறங்கி, ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்க ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் காலமாகி வருஷத் திதி முடிந்ததும் மகன் என்னை ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். ஒரே மகன். அங்கே ஒரு கம்பெனியில் ஏசி பராமரிப்பு வேலை. ஒரு ஹோட்டலுக்கு வேலையாகப் போன இடத்தில், அங்கே ரிசப்ஷனில் இருந்த பெண்ணைப் பார்த்துப் பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டான். செக் நாட்டுப் பெண். கல்யாணம் முடிந்து ஊருக்குப் பத்து நாள் கூட்டிவந்தான். வீடு முழுக்க ஆள் நடமாட்டம். அந்தப் பத்து நாளில் அவளிடம் நான் பேசியது என்று ஒன்றும் இல்லை. அவள் சிரிப்பாள், நான் சிரிப்பேன், அவ்வளவுதான்.

விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போதே மகன் சொல்லிவிட்டான்.

“எம்மா, மூணு மாச விசா போட்டிருக்கேன். இருந்து பாரு. உனக்கும் அவளுக்கும் ஒத்துப்போச்சுன்னா உன்ன இங்கயே வச்சுக்கிடுதேன். ரெசிடென்ஸ் விசா போட்டுருவேன்.”

“அவளுக்கு என்னப் பிடிக்கணுமே ஐயா.”

“பிடிக்கும். நீதான் வாயத் தொறக்க மாட்ட. ஊமக்கோட்டான் மாதிரி உக்காந்திருந்தா யாருக்குத்தான் பிடிக்கும்?”

விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அது விளையாட்டாக இல்லை. ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒற்றை ஆளாக விளக்குப் போட்டு, ஒற்றை ஆளுக்கு உலை வைப்பதை ஒரு வருஷம் செய்து பார்த்துவிட்டேன். இனி முடியாது என்று எனக்குத் தெரியும். மகனிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட வேண்டும். என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

வீடு ரோலா பக்கம் பழைய கட்டடம், மூன்றாவது மாடி. கீழே துபாய் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். மகனுக்கு அப்போது தூரத்தில் சைட். சனிக்கிழமை விடியும் முன்னே கம்பெனி வண்டியில் போனால் வியாழக்கிழமை சாயங்காலம்தான் வருவான். மற்ற நாளெல்லாம் நானும் அவளும்தான். அவள் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ரோட்டு நெரிசலில் வந்து சேர ஐந்து மணி ஆகும். அதுவரை நான் ஜன்னல் பக்கம் நிற்பேன். பஸ்ஸில் ஏறுகிற ஆட்களில் நம் பக்கத்து முகம் யாராவது உண்டா என்று பார்ப்பேன். நிறைய இருக்கும். மூன்றாவது மாடியிலிருந்து யாரை எப்படிக் கூப்பிடுவது?

அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், அவளுக்கு ‘அத்தை’ என்ற ஒரு வார்த்தை தெரியும், மகன் சொல்லிக்கொடுத்தது. பொதுவாக எங்களுக்கு இருந்தது ‘கலாஸ்’, ‘அச்சா’, ‘ஓக்கே’. கலாஸ் என்றால் முடிந்தது, போதும். அச்சா என்றால் சரி. ஹோட்டலில் எல்லா நாட்டு ஆளிடமும் அதைத்தான் பேசுவாளாம்.

முதல் இரண்டு வாரம் இப்படியே போனது. ஒருநாள் அவள் வந்ததும் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்குள்ளேயே ஏதோ சொன்னாள். “மாம் ஹ்லத்.” நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டி இன்னொரு தடவை சொன்னாள். பசிக்கிறது என்கிறாள் என்று புரிந்தது. நானும் வயிற்றைத் தொட்டு, “மாம் ஹ்லத்” என்றேன். அவள் முகம் அப்படியே மாறியது. அந்த வீட்டில் அவள் பாஷையை அவள் அல்லாத ஒரு வாய் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். என் மகன் நாலு வருஷப் பழக்கத்தில் அவள் பாஷையில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டதில்லை என்று பிறகு தெரிந்தது.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. இவள் பாஷையைப் படித்தால் இவளுக்கு என்னைப் பிடித்துவிடும்.

கீழே மளிகைக் கடை வைத்திருந்த பாயிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். காயல்பட்டினத்துக்காரர். நம் பேச்சு காதில் விழுவதற்காகவே நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடைக்குப் போவேன், ஒரு தடவை கொத்தமல்லிக்கு, ஒரு தடவை உப்புக்கு.

“நோட்டு எதுக்குக்கா? பேரன் பேத்தி கூட இல்லயே வீட்டுல.”

“நான்தான் படிக்கப் போறேன் பாய். மருமவ பாஷ.”

“நல்லாருக்கே. நான் இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம். ‘மாஃபி’ங்கிற ஒத்த வார்த்தைய வச்சு ஓட்டுதேன். அது இருக்கா, மாஃபி. இது இருக்கா, மாஃபி. இல்லன்னு சொல்லப் படிச்சாப் போதும், கட நடக்கும். நீங்க என்னன்னா இந்த வயசுல...”

“அவ பாஷையில எல்லாம் இருக்குன்னுதான் பாய் வருது.”

உண்மையாகவே அப்படித்தான். அவள் பாஷையில் ‘மாம்’ என்றால் ‘என்னிடம் இருக்கிறது, நான் வைத்திருக்கிறேன்’ என்று அர்த்தம். அதை வைத்துத்தான் பாதிப் பேச்சு. நாம் பசிக்கிறது என்கிறோம். அவர்கள் பசியை வைத்திருக்கிறேன் என்கிறார்கள். தாகம் எடுத்தால் தாகத்தை வைத்திருக்கிறார்கள், அது ‘மாம் ஜீஸெஞ்’. பயம் வந்தால் ‘மாம் ஸ்த்ராஹ்’. சாவகாசமாக இருந்தால் நேரத்தை வைத்திருக்கிறார்கள். சொல்வது சரி என்றால் உண்மையை வைத்திருக்கிறார்கள். ஒருவர்மேல் பிரியம் இருந்தால் அவரைப் பிரியமாக வைத்திருக்கிறார்கள், ‘மாம் ராதா’. எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு நடக்கிற ஜனங்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வாயால் சொல்வாள், கையால் நடித்துக் காட்டுவாள், நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். புரியாததை வெள்ளிக்கிழமை மகனிடம் கேட்பேன். அவன் அவளிடம் இங்கிலீஷில் கேட்டு எனக்குச் சொல்வான். அதிலேயே அவனுக்கும் கொஞ்சம் வந்துவிட்டது.

வேடிக்கையானவையும் இருந்தன. அதிர்ஷ்டம் அடித்தால் ‘மாம் க்லிக்கு’ என்பார்கள். க்லிக்கு என்றால் கதவுக் கைப்பிடி. கதவுக் கைப்பிடியை வைத்திருப்பவன் அதிர்ஷ்டக்காரன். அவள் கதவுப் பக்கம் போய்ப் பிடியைப் பிடித்துக்கொண்டு ஆடிக் காட்டினாள். தப்பு செய்தவன் தலையில் வெண்ணெய் வைத்திருக்கிறான். வெயிலில் போனால் உருகி வழிந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். கை வேலை வராதவனுக்கு இரண்டும் இடது கை. நான் டீ கொட்டிவிட்டால் என் இரண்டு கையையும் நீட்டி, “ஒப்யே ருத்செ லெவே” என்று நானே சொல்லிக்கொள்வேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒருநாள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “மாம் தொஹோ ப்ல்னே ஸுபி.” பல்லைக் காட்டி, விரலால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாரம் மகன் விளக்கம் சொன்னான். பல் நிறைய அது இருக்கிறது என்று அர்த்தமாம்.

“பல்லு நெறையன்னா?”

“வெறுத்துப்போச்சு, இனி முடியாதுன்னு. ஹோட்டல்ல எவனோ ஒருத்தன் மூணு தடவ ரூம் மாத்தச் சொன்னானாம். அதத்தான் சொல்லிருக்கா.”

எழுதிவைத்துக்கொண்டேன்.

இப்போது சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வேலைக்குப் போன ஆள் வீட்டுக்கு வராமல் நான் சாப்பிட மாட்டேன். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அப்படி. அவர் போன பிறகு எதிர்பார்க்க யாரும் இல்லாமல் போய்விட்டது. இங்கே வந்ததும் மறுபடி ஒருத்தி கிடைத்தாள். பதினொரு மணிக்கெல்லாம் சோறு, குழம்பு, கூட்டு, ஒரு பொரியல் வைத்து மூடிவைப்பேன். ஐந்து மணிக்கு அவள் வந்து கை கழுவியதும் இரண்டு தட்டு போடுவேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் உட்காருவாள். தட்டில் போட்டதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். தட்டு துடைத்த மாதிரி இருக்கும். நான் இன்னும் ஒரு கரண்டி வைப்பேன். “கலாஸ் அத்தை” என்பாள். போதும் என்று சொல்கிற பிள்ளைக்கு ஒரு கரண்டி வைக்காமல் விட்டால் அது என்ன பரிமாறல்? வைப்பேன். அதையும் துடைத்து வைப்பாள். மறுபடி வைப்பேன். நல்ல பசிக்காரி, கூச்சத்தில் போதும் என்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஊமையாக இருந்தாலும் சோறு போடத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்வாள் இல்லையா?

நாற்பது நாள் இப்படிப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவள் பாத்ரூமுக்குள் போய் வாந்தி எடுத்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்திருந்தாலும் எனக்குக் கேட்டது. மறுநாளும் எடுத்தாள். கண்ணாடி அலமாரியில் ஒரு மாத்திரை அட்டை பாதி காலியாக இருந்தது. முகம் வெளுத்துக் கிடந்தது. நம் ஊரில் ஒரு கல்யாணமான பெண் வாந்தி எடுத்தால் மாமியார் என்ன நினைப்பாள்? நானும் அதையே நினைத்தேன். நெற்றியில் வேர்க்கிற அளவுக்குச் சந்தோஷம். இனி என்னை அனுப்ப மாட்டார்கள் என்றும் நினைத்தேன், பொய் சொல்வதற்கில்லை. பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமே.

மகனுக்குப் போன் போட்டேன். அவன் சைட்டில் இருந்தான், பின்னால் மெஷின் சத்தம்.

“ஐயா, ஒரு நல்ல சேதி. நீ சொல்லாட்டாலும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“என்னம்மா சேதி?”

“அவ ரெண்டு நாளா வாந்தி எடுக்கா.”

மெஷின் சத்தம் தூரமாகப் போனது, தள்ளி வந்து நின்றிருப்பான்.

“எம்மா, யார்ட்டயும் சொல்லிராத. நான் அவகிட்டப் பேசிக்கிடுதேன்.”

நான் ஏற்கனவே கீழே பாயிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பியிருந்தார். அது மேசையில் இருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் வந்தாள். பேரீச்சம்பழப் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கை கழுவவும் இல்லை. நேராக ஹாலில் போனை எடுத்து, வெளிநாட்டுக்குப் பேசுகிற கார்டு நம்பரை அழுத்தி அவள் அம்மாவுக்குப் போட்டாள். நான் அடுப்பங்கரையில் இரண்டு தட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேகமாகப் பேசினாள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் ‘அத்தை’ என்று வந்தது. அவள் பாஷைக்கு நடுவில் அந்த ஒரு வார்த்தை மட்டும் நம் வார்த்தை. அதற்குப் பிறகு அழுகையோடு சொன்னாள், “மாம் தொஹோ ப்ல்னே ஸுபி.” திரும்பவும் அதையே சொன்னாள்.

எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் நான் முழுதாகப் புரிந்துகொண்ட பேச்சு அதுதான் முதல்.

புரியாதவள் மாதிரி இருந்திருக்கலாம். அவளுக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை. அறுபது வயதை நெருங்கியவள் ஒரு சின்னப் பெண்ணின் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டு மறுநாளும் சோறு போட்டுக்கொண்டு நிற்பதா? தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். அவள் போனைக் காதில் வைத்தபடி திரும்பினாள். நான் சொன்னேன்:

“மாஷ் ப்ரவ்து.”

நீ உண்மையை வைத்திருக்கிறாய். நீ சொல்வது சரிதான்.

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். போனுக்குள் அவள் அம்மா கூப்பிடுகிற சத்தம் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஏதோ ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். முகம் சிவந்துபோனது. இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் அடித்திருந்தால்கூட அப்படிக் குறுகியிருக்க மாட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனாள். ஒரு தட்டை எடுத்துத் துளி சோறு வைத்தாள். அதைத் தின்றாள். விரலால் தட்டை வழித்துச் சுத்தமாக்கி எனக்குக் காட்டினாள். “கலாஸ். ஃபினிஷ்.” மறுபடியும் சொன்னாள். “அத்தை, கலாஸ்.” அவள் ஊரில் தட்டில் மிச்சம் வைப்பது பெரிய மரியாதைக் குறைவாம். சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளமே வெறும் தட்டுதானாம். இதைப் பிறகு மகன் சொன்னான். அன்றைக்கு நான் பார்த்தது அந்தத் தட்டையும் அவள் முகத்தையும்தான்.

நான் இன்னொரு தட்டை எடுத்தேன். சோறு வைத்துத் தின்று, ஓரமாக ஒரு பிடி மிச்சம் விட்டு, அதன்மேல் கையை வைத்து மூடினேன். “கலாஸ்” என்றேன். பிறகு அவள் வழித்த வெறும் தட்டைக் காட்டி, கரண்டியை எடுத்து, “மாம் ஹ்லத்” என்றேன். எங்கள் ஊரில் வெறும் தட்டு இன்னும் பசிக்கிறது என்று சொல்லும்.

அவள் தன் தட்டையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கீழே உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்ததும் அழுததும் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஹோட்டலில் மத்தியானமே அவளுக்குச் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் கையைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டிச் சொன்னாள். நான் சாப்பிடாமல் காத்திருக்கிறேனே என்றுதான் அவள் உட்கார்ந்தாளாம். அவள் உட்கார்ந்தாளே என்று நான் போட்டிருக்கிறேன்.

மறுநாள் முதல் மாற்றிக்கொண்டோம். நான் ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டும். அவள் ஐந்து மணிக்கு வந்து காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிடுவாள். வாந்தி நின்றது. அந்த மாத்திரையும் செரிமானத்துக்குப் போட்டதுதானாம். முகத்தில் ரத்தம் ஓடியது. நான் ஒரு மணிக்குத் தட்டுப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். ஷார்ஜாவில் சாப்பிட்டாலும் ஊரில் சாப்பிட்டாலும் ஒரு தட்டு ஒரு தட்டுதான்.

பாயிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். “அது அப்படி இல்லயாம் பாய்.”

“மாஃபியா?” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை விட்டுவிட்டார். “அல்லா குடுப்பான்க்கா. பேரீச்சம்பழம் கெட்டா போவுது, வச்சுத் தின்னுங்க.”

ஆனாலும் அந்த மீதி நாட்கள்தான் நன்றாக இருந்தன. அவள் என்னிடம் அதிகம் பேசினாள். நோட்டில் பாதிக்குமேல் அந்த நாட்களில் எழுதியதுதான். சிரிப்புக்கு நான் அவளுக்குத் தமிழில் ‘போதும்’ சொல்லிக்கொடுத்தேன். அவள் வேகமாகக் கையை வைத்துத் தட்டை மூடிக் காட்டுவாள்.

விசா முடிய ஒரு வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை ரோலாவில் வேலைக்காரப் பையன்கள் எல்லாரும் வந்து கூடுவார்கள். கீழேயிருந்து அந்த இரைச்சல் மழை பெய்கிற மாதிரி கேட்கும். மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

“எம்மா, விசா முடியப்போவுது. ரெசிடென்ஸுக்குப் பேப்பர் குடுக்கணும்னா நாளைக்கே குடுக்கணும். நான் இவகிட்ட முந்தாநாளே கேட்டுட்டேன். அம்மாவுக்கு இருக்கணும்னா இருக்கட்டும், எனக்குச் சம்மதம்னு சொல்லிட்டா. நீ என்ன சொல்லுத?”

ஏறக்குறைய மூன்று மாதமாக நான் காத்திருந்த கேள்வி. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: “எனக்கு என்னய்யா இங்க வேல? ஊர்ல வீடு பூட்டிக் கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் நல்லாருங்க. நான் போறேன்.”

கேட்டவுடனே சரி, இருக்கிறேன் என்று எந்த அம்மா சொல்வாள்? மகன் வீட்டில் இருக்க ஆசைப்பட்டுக் காத்துக் கிடந்தவள் மாதிரி ஆகிவிடாதா? முதல் தடவை வேண்டாம் என்பது வழக்கம். அவன் ‘சும்மா இரும்மா, எங்க போவ’ என்று அதட்டுவான். நான் இன்னொரு தடவை வேண்டாம் என்பேன். அப்புறம் அவன் கோபித்துக்கொள்வான், நான் சரி என்பேன். இப்படித்தான் நடக்கும் என்று இருந்தேன்.

அவன் அவளிடம் இங்கிலீஷில் சொன்னான். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். “அத்தை? நோ?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “வேண்டாம்” என்றேன்.

“அச்சா” என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஒருத்தி வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், அதற்குமேல் வற்புறுத்துவது தப்பு என்று வளர்ந்த பெண். நாற்பது நாள் ‘கலாஸ்’ என்று அவள் சொன்னதை நான் மதிக்கவில்லை. நான் சொன்னதை அவள் மதித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

மகனைப் பார்த்தேன். அவன் நம் ஊர்ப் பிள்ளை. அவனுக்குத் தெரியும். மோர் ஊற்றும்போதாவது கேட்பான் என்று மெதுவாக ஊற்றினேன். “சரிம்மா, உன் இஷ்டம்” என்று எழுந்து கை கழுவப் போனான். முதுகு காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கை கழுவினான். அவனுக்கு அது பாரம் இறங்கின மாதிரி இருந்ததா, வருத்தமாக இருந்ததா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அந்த ஊரிலே பத்து வருஷமாக இருந்து அவனும் கேட்டதை ஒரு தடவையோடு நிறுத்திப் பழகிவிட்டானோ என்னவோ.

சனிக்கிழமை விடியும் முன்னே அவன் சைட்டுக்குப் போனான். அன்றைக்கு முழுக்க நான் கடைக்குப் போகவில்லை. போன் அடித்தால் எடுக்க ஆள் வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேப்பர் கொடுக்க வேண்டிய நாள் அது. போன் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளிடமே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மகனிடம் வராத வார்த்தை அவள் பாஷையில் வந்துவிடும் என்று ஒரு தைரியம். அந்தப் பாஷையில் எனக்கு வெட்கம் குறைவு. ‘மாம் ஸ்த்ராஹ்’ என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது. பின்பாதிக்கு வார்த்தை தெரியாது, கையால் காட்டிக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. அவள் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீல நிறம், நாலு சக்கரம், கடைச் சீட்டுகூடக் கழற்றவில்லை. எனக்காக வாங்கியது. நான் கொண்டுவந்த துணிப் பையின் ஜிப் போயிருந்ததை அவள் கவனித்திருக்கிறாள். ஹாலில் அதை இப்படியும் அப்படியும் உருட்டிக் காட்டினாள். உள்ளே திறந்து, ஒவ்வொரு அறையையும் காட்டினாள். ஓர் அறையில் இரண்டு பொட்டலம் ஏற்கனவே வைத்திருந்தாள், எனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் என் பல்லுக்கு மெத்தென்ற பிஸ்கட்டும். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் போகிறேன் என்ற சந்தோஷம் இல்லை அது. எனக்குப் பிடித்ததைச் செய்கிறோம் என்கிற சந்தோஷம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“மாம் ராதா” என்றேன். எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து சொல்லிப் பார்த்ததை அப்புறம் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்து விமானம் ஏற்றிவிட்டார்கள். உள்ளே போகிற வாசலில் அவள் “ம்ஞேய் செ” என்றாள். பிரிகிறபோது அவர்கள் சொல்வது. உன்னை நன்றாக வைத்துக்கொள் என்று அர்த்தமாம். மகன் என் பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். “எம்மா, போய்ச் சேந்ததும் போன் போடு” என்றான். நான் தலையாட்டினேன்.

சில வருஷத்தில் இரண்டு பேரும் அவள் நாட்டுக்கே போய்விட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அவள்தான் முதலில் பேசுவாள். “யாக் செ மாதே, அத்தை?” உங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். நான் “மாம் செ தொப்ஜே” என்பேன். நன்றாக வைத்திருக்கிறேன். அந்தக் கடைசி வார்த்தையில் ர-வும் ஜ-வும் சேர்ந்து ஒரு சத்தம் வர வேண்டும், எனக்கு வராது. அவள் சிரித்துவிட்டுப் போனை மகனிடம் கொடுப்பாள். அவன் மழை பெய்ததா, மாத்திரை தீர்ந்ததா என்று கேட்பான். ஒரு தடவை கேட்பான். நான் எல்லாம் இருக்கிறது என்பேன்.

இதில் எழுதியிருக்கிற செக் வார்த்தையெல்லாம் என் காதில் விழுந்த மாதிரி எழுதியது. பல்லுக்கு ஸுபியா ஸுபேயா, வெண்ணெய் தலையிலா தோளிலா என்று இப்போது சந்தேகம் வருகிறது. ரெசிடென்ஸுக்குப் பேப்பர் சனிக்கிழமைதான் கொடுப்பார்களா, கொஞ்சம் தள்ளிக் கொடுத்தாலும் வாங்குவார்களா என்பதும் எனக்குத் தெரியாது. இந்தப் பாஷை தெரிந்தவர்களோ, அந்த ஊரில் இருந்தவர்களோ யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும். அவர்கள் இரண்டு பேரிடம் மட்டும் கேட்க வேண்டாம். நான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வேண்டாம் என்றேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.